ஒன்பதாம் பாத்தியின் நாற்றுகள்

ஜூலை 30

இன்று எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. மருமகளின் உதவியாள் விடுப்பு. ஆராய்ச்சி நிலையத்து உப்பு வயலில் அவள் எண்ண எண்ண, நான் நோட்டில் எழுதினேன். முப்பத்தொரு வருஷம் வருகைப் பதிவேடு எழுதிய கைக்கு இது பெரிய காரியமா?

பன்னிரண்டு பாத்திகள். பாத்திக்கு ஒரு நெல் ரகம், நூறு நாற்று. வேண்டுமென்றே உப்புத் தண்ணீர் பாய்ச்சி, எது தாங்குகிறது என்று பார்க்கிறார்கள். நாலாம் பாத்தி முழுக்கக் கருகிக் கிடந்தது. "ஐயோ, போச்சே" என்றேன்.

"அது சாகணும் அத்தை. தாங்காதுன்னு தெரிஞ்சேதான் நட்டோம். அது பொழச்சா வயல்ல உப்பு பத்தலைன்னு அர்த்தம்."

சாவதற்கென்றே ஒரு பாத்தி! கேள்வித்தாள் எளிதாகிவிட்டதோ என்று பார்க்க, புத்தகமே திறக்காதவனை முதலில் எழுத வைப்பதுபோல.

ஒன்பதாம் பாத்தி அவள் ஆறு வருஷமாகக் கலப்பு செய்து உருவாக்கிய ரகம். நூறில் தொண்ணூற்றாறு உயிரோடு இருந்தன. நம்பாமல் மறுபடி எண்ணினாள். வரப்பிலிருந்தே என் மகனுக்குப் போன் செய்து கத்தினாள். அக்டோபரில் தேர்வுக் குழு கூடுகிறது. இந்த ரகம் தேறினால் திட்டம் இன்னும் மூன்று வருஷம் ஓடும். இல்லாவிட்டால் டிசம்பரோடு அவளுடைய ஒப்பந்தம் முடிந்துவிடும்.

ஆகஸ்ட் 2

மண்ணில் உப்பை எப்படி அளக்கிறார்கள்? மின்சாரம் விட்டு! உப்பு கூடினால் மின்சாரம் எளிதாக ஓடுமாம். அறிவியல் டீச்சராக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இது ஒருநாளும் தோன்றவில்லை.

ஆகஸ்ட் 11

நடவு ஆட்களின் மேஸ்திரியோடு சிநேகமாகிவிட்டேன். மைக்கம்மா என்று கூப்பிடுகிறார்கள். நாலு வயலுக்கு அப்பால் இருப்பவர்களை அங்கிருந்தே திட்டக்கூடிய குரல். மருமகள்மேல் உயிர். "மேடம் மூஞ்சி வாடக்கூடாது டீச்சரம்மா, எனக்கு அது போதும்" என்றார். மாமியாரிடமே சொல்கிறார், பாருங்கள்!

ஆகஸ்ட் 27

ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது.

ஒன்பதாம் பாத்தியில் சில செடிகள் மட்டும் பூத்திருக்கின்றன. மற்றவை இன்னும் கதிரே விடவில்லை. ஒரே நாளில் விதைத்த ஒரே ரகம் — ஏன்? வெயிலா? வரப்போரம் தண்ணீர் அதிகமா? ஆனால் பூத்தவை ஓரத்தில் மட்டும் இல்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாக, முப்பத்தெட்டு. இரண்டாம் பாத்தியில், பேர்போன பழைய ரகத்தில், எல்லாமே பூத்திருக்கின்றன. அதே உயரம். அதே இலை.

வகுப்பில் வராத சிநேகிதிக்காக இன்னொருத்தி "உள்ளேன் டீச்சர்" என்பாள். தலை நிமிராமல் எழுதிக்கொண்டே போனால் எண்ணிக்கை சரியாகத்தான் இருக்கும்.

மருமகள் தலைநகரில் கூட்டத்தில் இருக்கிறாள். நாளை மறுநாள் வருகிறாள். சும்மா இருந்துவிடலாமா? அவள் பார்க்காமலே அறுவடை முடிந்துவிட்டால்? — சீ, என்ன புத்தி இது. அவள் பார்க்காமலா இருப்பாள்! ஆனாலும் நினைத்தேனே. எழுதி வைக்கிறேன்.

ஆகஸ்ட் 29

சொல்லிவிட்டேன். பையைக்கூட இறக்கி வைக்காமல் வயலுக்கு ஓடினாள். பூத்த செடிகளை ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்தாள். பிறகு மைக்கம்மாவைக் கூப்பிட்டாள்.

அவர் மறைக்கவே இல்லை. பெருமையாகச் சொன்னார். "ஆமா மேடம், நாந்தான் நட்டேன். பத்தாம் நாளு வந்து பாத்தா உங்க பாத்தி ஓட்டை ஓட்டையா கெடந்துச்சு. நட்டவ கைக்கு அசிங்கமில்லையா? ரெண்டாவது பாத்தி நாத்து நாத்தங்கால்ல மிச்சம் இருந்துச்சு. உப்புக்கு நல்லா தாங்கும்னு நீங்களே சொல்லியிருக்கீங்க. அதான் பாத்துப் பாத்து வெச்சேன்."

"நாலாம் பாத்தியில?"

"அது சாகணும்னீங்களே! அதத் தொடுவேனா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மருமகள் முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது. செத்த நாற்றின் காலியிடம்தான் அவள் கேள்விக்குப் பதில். நடவுக்காரிக்கு அது அவமானம். இரண்டு பேரும் ஒரே பள்ளத்தைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

"உன் பாத்தியை மட்டும்தானே தொட்டாங்க, பூத்ததைக் கழிச்சிட்டா போதாதா?" என்றேன்.

"எத்தனை செத்துச்சுன்னு யாரும் எண்ணல அத்தை. அவங்க வெச்சதுலயும் சிலது செத்திருக்கும், அங்க திரும்ப நட்டாங்களான்னு அவங்களுக்கே ஞாபகமில்ல. இனி என்ன போட்டாலும் அது என் ஊகம்தான்."

வீட்டுக்கு வந்தபின் அழுதாள். இதை அவளிடம் சொன்னவள் நான்.

ஆகஸ்ட் 30

மைக்கம்மா வேலைக்கு வரவில்லை.

செப்டம்பர் 1

மருமகள் அவர் வீட்டுக்கே போனாள், நானும் கூடப் போனேன். திட்டுவாள் என்று நினைத்தேன். "இடம் காலியா இருந்தா காலியா விடணும்னு நான் உங்ககிட்ட சொல்லவே இல்ல. தப்பு என்னுது" என்றாள்.

மைக்கம்மாவின் குரல் இன்றுதான் தாழ்ந்து கேட்டது. "நல்லதுன்னு நெனச்சு உங்க பொழப்புலயே கை வெச்சிட்டேனே."

அக்டோபர் 14

குழுவில் முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டாளாம்: தொண்ணூற்றாறு என்ற எண் செல்லாது. ஒரு பெரியவர் அவளைப் பார்த்து, "நீங்க சொல்லலைன்னா எங்களுக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றாராம். பாராட்டா, பரிதாபமா? அவளுக்கும் புரியவில்லை. திட்டத்துக்கு நீட்டிப்பு கிடையாது. இன்னொரு பருவம் நட்டுப் பார்க்க அனுமதி. அதுவரைக்கும், அதாவது ஏப்ரல் வரை, அவளுக்கும் வேலை. மகன் போனில், "ஏம்மா, நீதான் கண்டுபிடிக்கணுமா?" என்றான். விளையாட்டாகத்தான் கேட்டான். பாதி விளையாட்டு.

நவம்பர் 20

மறு நடவு. நடுவதற்கு முன் நடவு ஆட்களை வரப்பில் உட்காரவைத்து, எதற்காக இந்த வயல் என்று மருமகள் ஒரு மணி நேரம் விளக்கினாள். நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டேன். அவர்கள் கேட்ட கேள்விகள்! என் வகுப்பில் யாரும் இப்படிக் கேட்டதில்லை.

டிசம்பர் 3

விடிந்து வெளிச்சம் வந்ததும் வயல் பக்கமிருந்து அந்தக் குரல். தெருவே எழுந்திருக்கும்.

"மேடம்! ஒம்பதுல இன்னும் ஏழு போச்சு! ஒண்ணையும் தொடல! ஓடியாந்து எழுதிக்குங்க!"

மருமகள் தலைகூட வாராமல் நோட்டை எடுத்துக்கொண்டு ஓடினாள். ஏழோடு சேர்த்து முப்பத்தொன்று. அறுபத்தொன்பது நிற்கின்றன.