அடுப்படி இல்லாத வீடு

அன்புள்ள செங்கமலம்,

பிரசவத்துக்கு வந்தவளை இன்னும் அழைத்துப் போகவில்லையே என்று உன் அப்பா கேட்கிறாராம். நியாயம்தான். பிள்ளை நடக்கத் தொடங்கிவிட்டான். என் வேலைதான் தவழ்கிறது.

சமஸ்தானம் போய் சர்க்கார் வந்ததும், மேல ராஜ வீதியில் பழைய குதிரை லாயத்தை அறை அறையாகத் தடுத்துக் குமாஸ்தாக்களுக்குத் தற்காலிக வாடகை வீடுகளாக்க என்னைப் படம் வரையச் சொன்னார்கள். அதில் ஒன்று நமக்கு என்றார்கள். ஆசையாக ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்ன அடுப்படி வரைந்தேன்.

இஞ்சினீயர் அத்தனையையும் சிவப்புப் பென்சிலால் அடித்துவிட்டார்.

“அடுப்படி வச்சா சம்சாரம் வரும். சம்சாரம் வந்தா தொட்டில் கட்டுவாங்க. அப்புறம் எவன்யா காலி பண்ணுவான்?”

“குதிரைக்கே இங்கிட்டுத் தீனித்தொட்டி இருந்துச்சுங்களே?”

“குதிரை பர்மனெண்டுய்யா. நீ டெம்ப்ரவரி.”

தை மாதம் வீடு தயாராகிவிடும். தனி ஆளுக்கு மட்டும் என்று உத்தரவு. இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இரு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

தையில் நீ வந்துவிடு. உன் அம்மாவிடம் இருக்கும் இரும்பு அடுப்பைக் கேட்டு வாங்கி வா. கையில் தூக்கக்கூடியது என்பதால் அதுவும் தற்காலிகம்தான். காலி செய்யச் சொன்னால் மூன்று பேருமாகவே காலி செய்வோம்.

இன்னும் வீடு அமையாத,
உன் வீட்டுக்காரன்