பலகையில் இருந்த சொல்

நேற்றுப் பகல், நாய்களோடு வருவோரை அனுமதிக்கும் அந்தக் கிள்ளான் உணவகத்தில், பணியாள் மேசைக்கடியில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துவிட்டுப் போனார். சிமெண்டுத் தரையில் எவர்சில்வர் உரசிய ஓசையைக் கேட்டு நான் எதிர் நாற்காலியைப் பார்த்தேன். உன் நாய் சாலையைப் பார்த்தது.

நீ போய் ஏழு மாதங்களாகின்றன. ரவாங்கிலிருந்து வந்த உன் அக்கா பொருள்களை எடுத்துக்கொண்டு, நாயை மட்டும் என்னிடம் விட்டுச் சென்றார். நீ செய்ததுபோலவே ஞாயிறுதோறும் உன் நாயை அந்த உணவகத்துக்கு அழைத்துச் செல்கிறேன்.

முதன்முறை நீ என்னை அங்கே கூட்டிச் சென்றபோது, பிரிக்பீல்ட்ஸில் வாழையிலைச் சாப்பாடு என்று நம்பி வந்த நான் முகம் சுளித்தேன். மேசையிலிருந்த விதி அட்டையை வரி விடாமல் படித்தேன்: கயிறு கட்டாயம், நாற்காலியில் ஏற்றலாகாது, மனிதர் தட்டில் ஊட்டலாகாது, மேசைக்கு இரண்டு மணி நேரம்.

"சார் படிச்சு முடிச்சாச்சா? பரீட்சை எப்ப?" என்றாய். மேசைக்கடியில் நீ நீட்டிய சப்பாத்தித் துண்டை நான் அட்டையை நீட்டிச் சுட்டிக்காட்டினேன். "தட்டுலதான் ஊட்டக்கூடாதுன்னு போட்டிருக்கு. இது கை லா."

சாலையோரம் யாரோ வீசிய சோற்றுப் பொட்டலத்தைக் கவ்வி நின்ற குட்டிக்கு, 'புங்குஸ்' என்று நீ பெயர் வைத்திருந்தாய். கடைகளில் பொட்டலம் கட்டச் சொல்ல நாமெல்லாம் வழங்கும் மலாய்ச் சொல் அது. நீ அவளை அழைக்கும்போதெல்லாம் பணியாள் வந்து நிற்பார்.

"என்ன புங்குஸ் பண்ணணும் அங்கிள்?"

"இவளத்தான் பாஸ். வாலு வெளிய தெரியாம கட்டுங்க."

மருத்துவமனையில் கடைசி வாரம் நீ என்னிடம் ஒன்றே ஒன்று கேட்டாய். "அவள ஒரு தடவ கொண்டாந்து காட்டு மச்சான். கீழ கார் பார்க்கிங்ல நின்னா போதும். ஜன்னல் வழியா பாத்துக்குறேன்."

பிராணிகளுக்கு இங்கே அனுமதியில்லை என்றேன். நீ வாதாடவில்லை.

"போர்டு படிச்சியா?"

படித்தேன் என்றேன். படிக்கவில்லை. நாயின் படத்தின்மேல் சிவப்புக் கோடு இழுத்திருந்ததை நடந்தபடியே கண்டதோடு சரி.

உன் உடலைப் பெற வந்த காலையில், படிவம் தயாராகும்வரை அந்தப் பலகையின்முன் நின்றேன். படத்தின்கீழ் மலாயிலும் ஆங்கிலத்திலும் ஒரு வாக்கியம் இருந்தது. கட்டடத்திற்குள் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை. கட்டடத்திற்குள். கார் நிறுத்துமிடம் வெட்டவெளியில், உன் ஜன்னலுக்கு நேர்கீழே இருந்தது. நீ கேட்ட இடத்திற்கு அந்த விதியே இல்லை. சப்பாத்தித் துண்டுக்காக உன்னிடம் அட்டையை நீட்டியவன், உனக்காக ஒரு வரியைப் படிக்காமல் விட்டேன்.

அவளுக்கு இது தெரியாது. வீட்டில் கயிற்றை எடுத்தால் வாலாட்டுகிறாள். உணவகத்தில் இறங்கியதும் வால் நின்றுவிடுகிறது. உன்னுடையதைப் போன்ற வெள்ளைக் கார் ஏதேனும் வந்து நின்றால் எழுகிறாள். வேறு யாரோ இறங்கியதும் படுத்துக்கொள்கிறாள். நேற்று சப்பாத்தியைக் கையால் நீட்டினேன். முகர்ந்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"புங்குஸ்" என்றேன், புறப்படலாம் என்று. அவள் அசையவில்லை. பணியாள்தான் வந்தார், வேலைக்குப் புதியவர்.

"என்ன புங்குஸ் பண்ணணும் அங்கிள்?"

உன் பதில் எனக்குத் தெரியும். "ஒண்ணுமில்ல" என்றேன்.

மருத்துவமனையின் அந்தப் பலகையைப் படமெடுத்துக் கைப்பேசியில் வைத்திருக்கிறேன். அழிக்கப்போவதில்லை. அட்டையின்படி எங்கள் இரண்டு மணி நேரம் முடிந்தும் நான் எழவில்லை. மூன்றாவது மணி நேரமும் கடந்தது. யாரும் எங்களைப் போகச் சொல்லவில்லை. அவள் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் பார்த்துக்கொண்டிருந்தேன்.