தண்ணீருக்கும் இரண்டு கிலோ

ஞாயிறு, இரவு.

தொழிலாளர் குடியிருக்கும் கீழ் லயத்துக்குச் சுத்தமான தண்ணீர்க் குழாய் போட நிதி சேர்ப்பதற்காக இன்று தேயிலைத் தோட்டத்தில் தொடர் ஓட்டம் நடந்தது. ஆபிஸ், ஃபெக்டரி, கொழுந்தெடுக்கும் பெண்கள் என்று மூன்று அணிகள். மலை ஊற்று விழும் பீலியில் வாளியை நிரப்பி, நாலு பேர் கை மாற்றி ஓடி, காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துக்குக் கொண்டுவர வேண்டும். எந்த வாளியில் தண்ணீர் அதிகம் மிஞ்சுகிறதோ அந்த அணிக்கு வெற்றி.

எடை நிறுத்தவன் நான். தினமும் கொழுந்து நிறுப்பவனும் நான்தானே. அதே தராசு. எங்கள் ஆபிஸ் வாளி பதினொரு கிலோ, ஃபெக்டரி வாளி ஒன்பது. கடைசியாகக் கொழுந்தெடுக்கும் பெண்கள் அணியின் ராசம்மா மூச்சு வாங்க வந்து வாளியை மாட்டினாள். முள் பன்னிரண்டில் நின்றது.

"பத்து" என்று சத்தமாகச் சொல்லிவிட்டேன்.

கொழுந்தின் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழித்துக் கழித்து வாய் பழகிவிட்டது. ஆபிஸ் வாளிக்கு மட்டும் அந்த வாய் கழிக்கவில்லை.

நான் திருத்துவதற்குள் தோட்டத் துரை எங்கள் அணிக்குக் கை தட்டிவிட்டார். பொய். நேரம் இருந்தது. கோப்பையோடு படம் எடுத்தபோது நானும் போய் நின்றேன்.

பிறகு ராசம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, "முள்ளப் பாத்தியா?" என்று கேட்டேன்.

"பாத்தேங்க ஐயா. எப்பவும் கழிக்கிறதுதானேங்க" என்றாள். குரலில் கோபமே இல்லை. வெறும் வாளியை எடுத்துக்கொண்டு கீழ் லயத்துக்கு இறங்கிப் போனாள்.

தகரக் கூரையில் மழை விழுகிறது. நாளைக்குக் கொழுந்து ஈரமாகத்தான் வரும்.