சட்டைப்பையில் இருந்த சான்றிதழ்

என் சண்டைக்காரிக்கு,

முதுகுவலி தேவலையா? நான் நலம். திட்டாமல் படி.

வயிற்றிலேயே நாம் இழந்த குழந்தையின் நினைவாக அரசாங்கம் தந்த சான்றிதழை அனுப்பினாயே, அதைச் சட்டையோடு சேர்த்துத் துவைத்துவிட்டேன். வேலை செய்யும் சலவைக்கூடத்தில், துவைக்கும்முன் ஊரார் சட்டைப்பைகளையெல்லாம் துழாவிப் பார்ப்பவன் நான்!

இங்குள்ள இஸ்திரிக்காரர் நனைந்த தாளைப் பதமாகத் தேய்த்துக் கொடுத்தார். பெற்றோர் என்ற இடத்தில் நம் பெயர்கள் மட்டும் மங்கலாகத் தெரிந்தன.

“உனக்குப் புள்ள இருந்துச்சா? சொல்லவே இல்லியே!”

“இருந்துச்சுண்ணே” என்றேன். இங்கே வந்தபின் முதன்முறையாகச் சொன்னேன்.

புதுச் சான்றிதழுக்கு எழுதிப் போடு. போன முறை குழந்தையின் பெயரைக் காலியாக விட்டோம். இந்த முறை, நாம் கூப்பிட்டபடி ‘கடுகு’ என்றே எழுது.

அப்புறம், உன் போர்வையைத் துவைக்காமல் அனுப்பு. இங்கே எல்லாமே சோப்பு வாசம்.

வேலைக்கு மணி அடித்துவிட்டது.

இப்படிக்கு,
கடுகின் அப்பா