தங்கலுக்கு வந்த பிள்ளை

அக்டோபர் 9, வியாழன்

வெயில். மேகம் காட்டிவிட்டு மழை போய்விட்டது. முன் கூடம் துடைத்தாச்சு. கண்ணாடிப் பெட்டிகள் பதினாறும் துடைத்தாச்சு. பினாயில் தீர்ந்துவிட்டது, சொல்ல வேண்டும்.

இன்று முதல் மத்தியானத்துக்கு மேல் பானை அறையில் வேலை. பவித்ரா பிள்ளைக்கு ஒத்தாசை. கா. சார் உத்தரவு. (காப்பாட்சியர் சார். முழுசாய் எழுதினால் ஒரு வரி போகிறது.)

பிள்ளைக்கு ஆழ்வார்குறிச்சி. அப்பா வாத்தியார். இருபத்தாறு வயசு. பழைய சட்டி பானைகளைப் பாதுகாத்துக் காட்சிக்கு வைக்கப் பழகுகிறவர்களுக்கு மியூசியத்தில் மூன்று மாதம் தங்க அறை, மாதச் சம்பளமும் உண்டு. முடிவில் ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தானே தனியாக அமைத்துக் காட்ட வேண்டும். சென்னையிலிருந்து மூன்று பேர் வந்து பார்ப்பார்கள். பிடித்தால் பெட்டி கூடத்தில் நிற்கும். பிடிக்காவிட்டால் கழற்றி உள்ளே போட்டுவிடுவார்கள். 31-ஆம் தேதி வருகிறார்கள்.

ஆகஸ்டில் பிள்ளை பையோடு வந்து இறங்கிய அன்றைக்கு வாட்ச்மேன் அண்ணாச்சி சொன்னார், "தாயி, புதுப் பிள்ளை ஒண்ணு தங்கலுக்கு வந்திருக்கு."

நான் நிஜமாகவே கேட்டுவிட்டேன். "பொம்பளப் பிள்ளையா? எந்த போட்டுல அண்ணாச்சி?"

"போட்டா? ஏ தாயி, இங்கன தங்கிப் படிக்க வந்திருக்கு! கடலுக்கா போவுது!" இன்றுவரை என்னைக் கண்டால் "போட்டு எப்ப வருது"தான்.

எங்கள் கடற்கரை ஊர் உவரியில் தங்கல் என்றால் ஒன்றுதான். பெரிய போட்டில் போய் நாள் கணக்காகக் கடலிலேயே தங்கி மீன் பிடிப்பது. என் வீட்டுக்காரர் மார்ச்சில் தங்கலுக்குப் போனார். கப்பல் இடித்தது என்றார்கள். ஆறு பேரில் ஐந்து பேர் வந்தார்கள்.

அக்டோபர் 10

பானை அறையில் பிள்ளை சொன்னவை, மறக்காமல் இருக்க:

விளிம்பைப் பிடித்துத் தூக்கக் கூடாது.
இரண்டு கை. ஒரு கை அடியில்.
வளையல் கழற்ற வேண்டும். (நான் போடுவதில்லை இப்போது.)
தேய்க்கக் கூடாது. ஈரப் பஞ்சால் ஒற்ற வேண்டும்.
உடைந்தால் உடனே சொல்ல வேண்டும். திட்ட மாட்டாள்.

கடைசியைச் சொல்லும்போது என் முகத்தைப் பார்த்தே சொன்னாள். ஐந்தாம் வகுப்பு படித்தவள் என்று ஏளனம் இல்லை. நான் பஞ்சால் ஒற்றுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "உங்க கை நல்ல கை அக்கா" என்றாள். நெத்திலி பிரித்த கை என்றேன்.

கால் வலி. உவரியை விட்டு வந்து தங்கியிருக்கிற தங்கச்சி வீட்டில் இன்று சாம்பார்.

அக்டோபர் 12, ஞாயிறு

பூசை முடிந்து வந்ததும் போன். கொழுந்தன் ஜெபா.

"மைனி, பங்குச் சாமி கேக்காரு. நீங்க சரின்னா நவம்பர் ஒண்ணு சாயங்காலமே அண்ணன் பேர்ல ஒரு பெட்டிய அடக்கம் பண்ணிரலாம். ரெண்டாந்தேதி கல்லறைத் திருநாளு. எல்லாரும் திரி கொளுத்தும்போது அண்ணனுக்கும் ஒரு குருசு வேணும்லா."

பெட்டிக்குள் என்ன வைப்பாய் என்று கேட்டேன்.

"அவன் துணிமணிதான். சின்னப் பெட்டி போதும்னு ஆசாரி சொல்லுதாரு. பிள்ளைகளுக்குச் செய்யுத அளவு."

போனை வைத்துவிட்டேன். அவர் ஒருநாள் வாசலில் வந்து நின்றால் என்ன சொல்வேன், உங்களைப் பிள்ளைப் பெட்டியில் புதைத்துவிட்டேன் என்றா.

31-ஆம் தேதி சாயங்காலத்துக்குள் ஆசாரிக்குச் சொல்ல வேண்டுமாம்.

அக்டோபர் 14

பவித்ரா பிள்ளையின் கண்ணாடிப் பெட்டிக்கு எது என்று இன்று தெரிந்தது. பின் அறையில் கிடந்த காலித் தாழி. செத்தவர்களை வைத்து மண்ணில் புதைக்கிற பெரிய பானை. தாமிரபரணிக் கரையில் எப்போதோ தோண்டி எடுத்தது. என் நெஞ்சு உயரம் வருகிறது. உள்ளே ஆள் குத்தவைத்து உட்காரலாம். அதற்குள் இருந்தவை நான்கே நான்கு சின்னக் கிண்ணங்கள், உள்ளங்கை அளவு. கறுப்பு, சிவப்பு. எலும்பு இல்லை.

கா. சாருக்கு இஷ்டமில்லை. "காலித் தாழியப் பாக்க எவம்மா வருவான்? எலும்போட உள்ளது ரெண்டு இருக்கு, அத எடு. சனம் கூடும்."

"அது ஏற்கெனவே நிறைய இடத்துல இருக்கு சார். இத யாரும் கேக்கவே இல்ல."

"என்ன கேக்க?"

"ஏன் காலியா இருக்குன்னு."

சார் போனதும் எனக்குப் படம் காட்டினாள். தோண்டியபோது வரைந்த பழைய தாள். கிண்ணங்கள் நாலும் சுவரோரமாய், நாலு பக்கம். நடுவில் ஒன்றும் இல்லை. "பாத்தீங்களா அக்கா, நடுவுல இடம் விட்டிருக்காங்க. ஆள உக்கார வச்சா எப்படி வைப்பாங்களோ அப்படி."

நான் வாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

அக்டோபர் 16

தாழிக்குள் இருந்த மண் ஏழு பையில் கட்டிக் கிடக்கிறது. எலும்பு இல்லை என்று பழைய நோட்டில் எழுதியிருக்கிறதே, பிறகு எதற்குச் சலிக்க வேண்டும் என்று கேட்டேன்.

"அது அவங்க பாத்தது. நான் பாக்காம எப்படி எழுதுவேன்?"

எலும்பு மண்ணில் கரையும், பல் லேசில் கரையாது என்றாள். ஆள் இருந்திருந்தால் ஒரு பல்லாவது கிடக்க வேண்டும். ஒரே ஒரு பல் கிடைத்தாலும் போதும், இது காலித் தாழி இல்லை.

சின்னக் கண் சல்லடை. அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். இன்று இரண்டு பை. கிடைத்தவை: வேர், கரித்துண்டு, ஓட்டுச் சில்லு, எறும்பு.

சலித்துக்கொண்டே கேட்டேன், உனக்கு எது வேண்டும், பல் கிடைக்கவா, கிடைக்காமல் இருக்கவா. "அப்படி ஆசைப்பட்டா கண்ணு மறைச்சுரும் அக்கா" என்றாள். வாத்தியார் மகள்தான்.

அக்டோபர் 18, சனி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ஐந்தாம் பை. பிள்ளை டீக்குப் போயிருந்தாள். சல்லடையில் வெள்ளையாய் ஒன்று. அரிசியைவிடப் பெரிது. ஒரு பக்கம் வழுவழு, ஒரு பக்கம் உடைசல். பல்தான்.

முந்தியில் முடிந்துகொண்டேன். எடுக்க நினைக்கவில்லை, கை எடுத்துவிட்டது.

பல் இருந்தால் ஆள் வந்து சேர்ந்திருக்கிறான் என்று அர்த்தம். எனக்கு அவன் வராதவனாக இருக்க வேண்டும். வராத ஆளுக்கும் பெரிய பானை செய்து, கிண்ணம் வைத்து, இடம் விட்டுப் புதைத்தவள் ஒருத்தி முன்னால் இருந்திருக்க வேண்டும். இந்த ஐந்து நாளாய் அவளை நினைத்துத்தான் சாப்பிடுகிறேன்.

பிள்ளை வந்து, "ஏதாவது கெடச்சுதா அக்கா?" என்றாள். வேர்தான் என்றேன்.

திங்கள் தீபாவளி. செவ்வாய்தான் இனி வேலை.

அக்டோபர் 19, ஞாயிறு

பூசைக்குப் போனேன். திருட்டை வைத்துக்கொண்டு நன்மை அப்பம் வாங்க மனசு வரவில்லை. பின் வரிசையில் முட்டுப் போட்டபடியே இருந்தேன்.

அது மாத்திரை டப்பாவில் இருக்கிறது. இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

அக்டோபர் 20

தீபாவளி. பக்கத்து வீட்டு முறுக்கு, அதிரசம். நாள் பூரா வெடிச் சத்தம். கடலில் தீபாவளி தெரியுமா என்று ஒரு தடவை அவரிடம் கேட்டேன். கரையில் தீக்குச்சி உரசுவதுபோல் தெரியும் என்றார்.

அக்டோபர் 21, செவ்வாய்

தூறல். போனதும் டப்பாவை மேசையில் வைத்தேன். சனிக்கிழமை எடுத்தது, ஐந்தாம் பை, மறைத்துவிட்டேன் என்றேன். ஏன் என்றும் சொன்னேன். அவர் போனது, பிள்ளைப் பெட்டி, எல்லாம். நின்றுகொண்டே.

பிள்ளை டப்பாவைத் திறந்தாள். லென்சை எடுத்தாள். ஜன்னல் பக்கம் போனாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"அக்கா. இது சிப்பி."

எனக்குக் கேட்கவில்லை.

"ஆத்துச் சிப்பி. ஒடஞ்ச துண்டு. இங்கன பாருங்க, வரி வரியா இருக்கு."

பார்த்தேன். சிப்பிதான். உவரியில் பிறந்து, சிப்பி பொறுக்கி விளையாடியவள், சிப்பியைப் பல் என்று மூன்று நாள் சோறு இறங்காமல் கிடந்திருக்கிறேன்.

அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. பிள்ளை சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது.

"இது சிப்பியாப் போச்சு. பல்லா இருந்தா? ஒரு ஆளு அங்கன இருந்தான்னு சொல்ல மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நாம இல்லாம ஆக்கியிருப்போம் அக்கா."

அது எனக்கு உறைத்தது. வேறு யார் சொல்லியிருந்தாலும் உறைத்திருக்காது.

பல்லாக இருந்தால் உன் பெட்டி என்னவாகும் என்று கேட்டேன். "போயிரும். பத்து நாள்ல வேற ஒண்ணு அமைக்க முடியாது. போவட்டும்."

பிறகு நோட்டை எடுத்து எழுதினாள். நான் எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பை 5. சிப்பித் துண்டு 1. எடுத்தவர்: அருள்மேரி. மூன்று நாள் அறைக்கு வெளியே இருந்தது." சார் பார்த்தால் உனக்குத்தானே கெட்ட பேர், கடைசி வரி வேண்டாமே என்றேன். "நடந்தது அக்கா" என்றாள். அவ்வளவுதான்.

சாயங்காலம் ஆறாம் பையை என் பக்கம் தள்ளினாள். சலித்தேன்.

அக்டோபர் 23

நல்ல மழை. ஏழாம் பை முடிந்தது. பல் இல்லை.

இந்தத் தடவை ஆசைப்படாமல் பார்த்தேன்.

அக்டோபர் 27

பெட்டிக்குப் பக்கத்தில் வைக்கும் பலகைக்கு எழுதியாகிவிட்டது. பிள்ளை எனக்கு முதலில் வாசித்துக் காட்டினாள். பார்த்து எழுதிக்கொள்கிறேன்:

"ஆள் அளவுத் தாழி. உள்ளே நான்கு சிறு கிண்ணங்கள் ஓரமாக வைக்கப்பட்டிருந்தன. நடுவில் இடம் விடப்பட்டிருந்தது. எலும்போ பல்லோ கிடைக்கவில்லை. ஏன் என்று தெரியவில்லை."

கா. சார் கடைசி வரியில் விரல் வைத்தார். "தெரியவில்லையா? இப்படி எழுதத்தான் ஒனக்குச் சம்பளம் குடுக்கோமா?"

"தெரிஞ்சத மட்டும் எழுதத்தான் சார் சம்பளம்."

"வராத ஆளுக்குன்னு போடு. கேக்க நல்லா இருக்கும். கத கெடைக்கும்."

நான் நினைத்துவைத்திருந்த அதே வார்த்தை. பிள்ளை என்னைப் பார்த்தாள். பிறகு சாரிடம், "அப்படியும் இருக்கலாம் சார். ஆனா தெரியாது" என்றாள்.

எனக்கு வருத்தமாக இருந்திருக்க வேண்டும். இல்லை. இந்த ஏழு மாதத்தில் எத்தனை பேர் எனக்குத் தெரியும் தெரியும் என்று சொல்லிவிட்டார்கள். வேறு நாட்டு ஜெயிலில் இருக்கிறார் என்று ஒருத்தர். உடனே உயிர் போயிருக்கும், வலித்திருக்காது என்று ஒருத்தர். கனவில் கண்டேன், கரை ஏறிவிட்டார் என்று ஒருத்தி. தெரியாது என்று மரியாதையாய்ச் சொன்ன படித்த ஆள் இந்தப் பிள்ளை ஒன்றுதான்.

அக்டோபர் 29

தாழியைக் கூடத்துக்குக் கொண்டுபோனோம். நான்கு பேர், அடியில் கம்பளி. "பைய, பைய" என்று பிள்ளை கூடவே நடந்தாள், பிரசவத்துக்குக் கூட்டிப்போகிற மாதிரி. வாட்ச்மேன் அண்ணாச்சி கதவைப் பிடித்துக்கொண்டு, "போட்டு கரை ஏறிட்டு தாயி" என்றார். நான் சிரித்தேன். பிள்ளைக்குப் புரியவில்லை. அப்புறம் சொன்னேன். தங்கல் என்றால் என்ன என்று நோட்டில் எழுதிக்கொண்டாள்.

தாழியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, கிண்ணங்களைக் கண்ணாடிப் பெட்டிக்குள் நாலு பக்கம் வைத்தாள், படத்தில் உள்ளபடி. நடுவில் மணல் மட்டும். மணலைச் சமன் செய்தது நான்.

அக்டோபர் 31, வெள்ளி

மூன்று பேர் வந்தார்கள். இரண்டு ஆண், ஒரு வயசான அம்மா. பிள்ளை மாம்பழக் கலர் சேலை.

ஆண்கள் இருவரும் வெளிச்சம் பற்றிப் பேசினார்கள். அந்த அம்மா பலகையை இரண்டு தடவை படித்தார். "நாலு கிண்ணத்துக்கு எதுக்கும்மா இவ்வளவு பெரிய தாழி? சின்னதே போதுமே?"

"தெரியல மேடம். வச்சவங்களுக்குச் சின்னது போதும்னு தோணல. அது மட்டும் தெரியுது."

அந்த அம்மா தலையாட்டினார். பெட்டி நிற்கட்டும், விளக்கை மட்டும் குறையுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். கா. சார் எல்லாருக்கும் டீ சொன்னார். "நாந்தான் சொன்னேன்லா, காலித் தாழி நல்லா இருக்கும்னு" என்றார். பிள்ளை என் காலை ஒரு மிதி மிதித்தாள், சிரிக்காமல் இருக்க.

நாலரை மணிக்கு மாடிப்படிக்குக் கீழே நின்று ஜெபாவுக்குப் போன் போட்டேன். நாளைக் காலை முதல் பஸ்ஸில் வருகிறேன், சாமியிடம் சொல்லிவிடு என்றேன்.

"சரி மைனி" என்றான். "அப்ப ஆசாரிட்ட சின்னப் பெட்டிக்கு..."

சின்னது வேண்டாம், ஆள் அளவுக்குச் செய்யச் சொல் என்றேன்.

"துணிதான மைனி? நடுவுல காலியாக் கெடக்குமே."

கிடக்கட்டும்.

பிறகு, "அண்ணன் உயரம் எவ்வளவு மைனி? ஆசாரி கேப்பாரு" என்றான்.

அடிக் கணக்கு எனக்குத் தெரியாது. நம் வீட்டு வாசல் நிலையை அளந்துகொள், அதற்கு மேலே இரண்டு விரல் போடு என்றேன். எப்போதும் குனிந்துதான் உள்ளே வருவார்.