விசிலுக்குப் பின் ஒரு துண்டு வெல்லம்

மாமா,

இன்று காலை பால்காரர் விசிலடித்துக்கொண்டே வாசலில் வண்டியை நிறுத்தினார். கொட்டகையில் நின்ற உங்கள் பெண்குதிரை கால்களை அகட்டி, நின்ற இடத்திலேயே சிறுநீர் கழித்தது.

"ஏம்மா, நம்ம விசிலுக்கா இப்பிடிப் பயந்துக்கிச்சு?" என்று சிரித்தார்.

"பயமில்லீங்கண்ணா, பழக்கம்" என்றேன்.

பெங்களூரில் பந்தயக் குதிரைகளுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது நீங்கள்தான் எனக்கு விளக்கினீர்கள். ஓடி முடித்த குதிரையின் சிறுநீரை ஊக்கமருந்துச் சோதனைக்கு எடுப்பார்கள்; அது வரும்வரை பக்கத்தில் நின்று விசிலடிக்க வேண்டும். மற்றவர்களின் குதிரைகள் அடம்பிடிக்கும். உங்களுடையது முதல் விசிலுக்கே கொடுத்துவிடும். கொடுத்ததும் ஒரு துண்டு வெல்லம். "நம்ம குதிரைக்கு ஒளிக்க ஒண்ணுமில்ல பாப்பா" என்பீர்கள்.

ஒரு பொங்கலுக்கு நம் ஊர் பாப்பிரெட்டிப்பட்டிக்கு வந்திருந்தீர்கள். குதிரைக்கு ஸ்டீராய்டு போட்ட ஒரு பயிற்சியாளரின் லைசென்ஸைச் சில மாதங்கள் நிறுத்திவைத்த செய்தியை வாசித்துக் காட்டினேன்.

"சில மாசமா? அவன் வாழ்நாளுக்கும் லாயத்துல கால் வைக்கக் கூடாது. குதிரை வாயத் தொறந்து சொல்லாதுங்கற தைரியம்."

அப்படி ஒரு கோபத்தை உங்களிடம் அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு, அதே குற்றத்துக்குத் தடை என்று உங்கள் பெயரே செய்தியில் வந்தது. "எந்தம்பி மேல எவனோ பழி போட்டிருக்கான்" என்று அம்மா தெருவெல்லாம் சொன்னாள். நானும் நம்பினேன். சோதனைக்கூடங்களில் நடக்கும் தவறுகளைத் தேடித் தேடிப் படித்தேன். நீங்கள் வந்திறங்கிய அன்று, ரசம் ஊற்றியபடியே அம்மா அதை மறுபடி சொன்னாள்.

"இல்லக்கா. நான்தான் போட்டேன்."

அம்மாவின் கரண்டி அந்தரத்தில் நின்றது. அடிபட்ட பின்னங்காலில் சதை வைக்கவேயில்லை, உரிமையாளர் அவசரப்படுத்தினார், ஒரே ஒரு முறைதானே என்று நினைத்தேன் என்றீர்கள். பிறகு தட்டைப் பார்த்தபடி, "சோதனைக்கு விசிலடிச்சதும் நான்தான். டக்குனு குடுத்துருச்சு. வெல்லத்துக்குக் கழுத்த நீட்டுச்சு. குடுத்தேன்" என்றீர்கள்.

மருந்து போட்டதைக்கூட எப்படியோ ஜீரணித்துவிட்டேன் மாமா. அந்த விசிலை நினைத்தால் இன்றும் திக்கென்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தே எப்படி அடித்தீர்கள்? மாட்டிக்கொள்ள வேண்டும் என்றா? இல்லை, வெறும் பழக்கமா? கேட்க நினைத்துக்கொண்டே இருந்தேன். அதற்குள் நீங்கள் கண்ணை மூடிவிட்டீர்கள்.

உரிமையாளர் வேண்டாமென்று விட்ட அதே குதிரையை, வந்திறங்கிய அன்றே லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தீர்கள். தடை முடிந்ததும் பெங்களூரிலிருந்து அழைத்தார்கள். "வரலீங்க" என்று போனை வைத்தீர்கள்.

"அதான் தண்டனை முடிஞ்சிருச்சே. போயேன்டா" என்றாள் அம்மா.

"அந்தப் பொங்கலுக்கு நான் என்ன சொன்னேன்னு பாப்பாவக் கேளு."

அம்மா என்னைப் பார்த்தாள். நான் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பால்காரர் போன பிறகும் அது தடுப்புக்கு மேலே கழுத்தை நீட்டியபடி நின்றது. உள்ளே போய் வெல்லத்தை உடைத்து எடுத்துவந்தேன். நீங்கள் போனபின் நான் அதற்கு ஒரு முறைகூட விசிலடித்ததில்லை. ஆனால் தெருவில் யார் அடித்தாலும் அது கொடுத்துவிடுகிறது. கொடுத்துவிட்டு, வெல்லம் வரும் என்று நிற்கிறது. வராமல் மட்டும் நான் விட்டதில்லை, மாமா.