நாயுடுபுரத்துக்கு ஏறி வந்த கடல்

அக்கா,

நேற்று விறகுக் கொட்டகையை ஒழித்தேன். மூலையில் கிடந்த பழைய பிளாஸ்டிக் கேனைத் தூக்கியபோது மூடி கையோடு வந்துவிட்டது. உள்ளே ஒன்றுமில்லை, அடியில் வெள்ளையாக ஒரு பொருக்கு மட்டும். ஆனால் அந்த வாசனை வெளியே வந்து கொட்டகை முழுக்க நின்றது. வெளியே பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாத மூடுபனி. உள்ளே கடல்.

மருமகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். "என்னத்தே, கருவாட்டை எங்கயாச்சும் மறந்து வச்சுட்டீங்களா?"

கருவாடு இல்லை என்றேன். வேறென்ன என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களுக்குச் சொல்லலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன். உங்கள் கொழுந்தனாரின் கார்டு போன மாதம் வந்தது. 'மதினி காலமானார்கள், காரியங்கள் முடிந்தன' என்று இரண்டே வரியில் நீங்கள் போனதை எழுதியிருந்தார்.

இந்த நாயுடுபுரத்து வீட்டுப் பின்கட்டில் நீங்கள் குடியிருந்த காலத்துக் கேன் அது. மேல் ரோட்டில் ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சமைத்துக்கொண்டிருந்தீர்கள். ராமநாதபுரத்துக் கடற்கரைக்காரர், கடலே கண்ணில் படாத ஊராக வேண்டுமென்று மலையேறி வந்தவர் என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். கழுத்தில் தாலி இருந்தது. கூட ஆள் இல்லை. நான் கேட்டதில்லை.

அந்தக் குடும்பம் ஊருக்குத் திரும்புகிறபோது சாமான்களைப் புல்வெளியில் பரப்பி விற்றார்கள். எல்லோரும் நாற்காலிக்கும் கம்பளிக்கும் அடித்துக்கொண்டார்கள். நான் இரும்புச் சட்டம் போட்ட கண்ணாடித் தொட்டியை எடுத்தேன். காற்று அடிக்கும் சின்ன பம்பு, தண்ணீரைச் சூடாக வைக்கும் ஹீட்டர் குழாய், ஒரு இங்கிலீஷ் புத்தகம், எல்லாம் அதோடு சேர்த்தி. தங்க மீன் விடலாம் என்று எண்ணம். நாலு பேர் தூக்கி வந்து கூடத்தில் வைத்தார்கள். நீங்கள் கைகளைத் துடைத்துக்கொண்டே வந்தீர்கள். கண்ணாடியில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தீர்கள்.

"இதுல நல்ல தண்ணி ஊத்தாத தங்கச்சி. இது உப்புக்குப் பழகுன தொட்டி."

"தொட்டிக்கு என்னக்கா பழக்கம்?"

"மூலையில நக்கிப் பாரு."

நக்கிப் பார்த்தேன். கரித்தது. துரைசானி அதில் ஒரு கடலையே வைத்திருந்தாளாம். நீங்கள் அந்த அறைக்குள் மட்டும் போகவே மாட்டீர்களாம், காபியை வாசலிலேயே வைத்துவிடுவீர்களாம்.

"அப்ப கடல் தண்ணிக்கு நான் எங்க போறது?"

கண்ணாடியிலிருந்து கையை எடுத்தீர்கள். பிறகு சொன்னீர்கள்: "நான் கொண்டாரச் சொல்றேன். இத்தன வருசமா அது என்னையப் பாத்துக்கிட்டு கெடந்துச்சு. நாலு கண்ணாடிக்குள்ள அடைச்சு வச்சு, நான் அதைப் பாக்கணும்."

அன்றைக்கு அந்தக் குரல் எனக்குப் பிடிக்கவில்லை. விளக்கேற்றும்போது முருகனிடம் இரண்டு தடவை கூடுதலாகச் சொன்னேன்.

இவர் பஸ் கம்பெனி புக்கிங் ஆபீஸில் இருந்ததால் லாரிக்காரர்கள் பழக்கம். பூம்பாறையிலிருந்து பூண்டு ஏற்றிக்கொண்டு ராமநாதபுரம் வரை போகிற லாரி ஒன்று திரும்பும்போது உங்கள் கொழுந்தனார் நிரப்பிக் கொடுத்த கேன்களை ஏற்றிவந்தது. "அக்கா, செக்போஸ்ட்ல என்னய்யா சரக்குங்கிறான். கடல் தண்ணின்னா நம்ப மாட்டேங்கிறான். ஒரு மடக்குக் குடிச்சுப் பாத்துட்டுத்தான் விட்டான்" என்றார் டிரைவர். இவர் அதைவிட. "ஊரு சனமெல்லாம் ஏரி பாக்கக் கோடைக்கானல் வருது. என் வீட்டுல கடலு லாரி ஏறி வருது" என்று ஆபீஸ் பூராவும் சொல்லிவைத்தார்.

அது ராமேசுவரம் பக்கத்துத் தண்ணீர் என்பதால் லாரிக் கூலியைக் கணக்கில் பூஜைச் செலவு என்ற தலைப்பில் எழுதினேன். அதே பக்திதான் ஒரு மரத்தையும் கொன்றது. வாரம் ஒருமுறை கொஞ்சம் பழைய தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத் தண்ணீர் விட வேண்டும். எடுத்த தண்ணீரைச் சாக்கடையில் ஊற்ற எனக்கு மனம் வரவில்லை. தீர்த்தமாயிற்றே! கால் படாத இடம் என்று பிளம்ஸ் மரத்தடியில் ஊற்றினேன். அந்த வருஷமே மரம் ஒரு பக்கமாகக் கருகி, பிறகு பட்டுப்போனது. வேரைச் சுற்றி இன்றுவரை புல் முளைக்கவில்லை.

அந்தப் புத்தகத்தை அகராதி வைத்துக்கொண்டு வரி வரியாகப் படித்தேன். ஓட்டை போட்ட தட்டை அடியில் வைத்து, அதன்மேல் கழுவிய கிளிஞ்சல் சல்லியைப் பரப்பி, தண்ணீர் நிரப்பி, பம்பைப் போட வேண்டும். பாலுக்குக் குழாய் விட்டுப் பார்ப்பது மாதிரி உப்புக்கு ஒரு கண்ணாடி மிதவை உண்டு. அது கோட்டுக்கு மேலே நிற்கிறதா கீழே நிற்கிறதா என்று பால் கணக்குக்குப் பக்கத்திலேயே குறித்துவைப்பேன். குளிருக்கு ஹீட்டர் அணையவே கூடாது. கடலுக்குள்ளிருந்து எடுத்த பவளக் கற்களை ஈரச் சாக்கில் சுற்றி அடுத்த நடையில் அனுப்பினார்கள். அவற்றை உள்ளே வைத்துவிட்டு வாரக்கணக்கில் மீன் எதுவும் விடாமல் சும்மா இருக்க வேண்டும், தண்ணீர் முதிர வேண்டும் என்று போட்டிருந்தது.

"தோசை மாவா முதிர்றதுக்கு?" என்றார் இவர்.

அந்தச் சும்மா இருந்த வாரங்கள்தான் அக்கா எனக்குப் பயம். நாம் கல்லைத் தவிர வேறெதையும் வைக்கவில்லை. ஆனால் ஒருநாள் காலையில் கல்லின் பொந்திலிருந்து வெள்ளை மயிர் மாதிரி ஒன்று நீண்டு கண்ணாடியைத் தடவிக்கொண்டிருந்தது. நான் கிட்டே போனதும் உள்ளே இழுத்துக்கொண்டது. இன்னொரு நாள் காம்புமேல் இரண்டு கண்கள். உடம்பு தெரியவில்லை, கண்கள் மட்டும் நான் பெருக்குகிற பக்கமெல்லாம் திரும்பின. பிறகு சிவப்பாக ஒரு பூ விரிந்தது. மணியை ஆட்டிப் பூஜை செய்கிற நேரத்தில் மூடிக்கொண்டது. வெளியே பனி, ஜன்னல் கண்ணாடி வெள்ளையாக இருக்கும். உள்ளே இந்தக் கண்ணாடி மட்டும் வெதுவெதுப்பாக, விளக்கோடு, யாரோ குடியிருக்கிற வீடு மாதிரி. நமக்குத் தெரியாமல் ஒரு குடும்பம் பொந்துக்குள்ளிருந்து ஒவ்வொருவராக எட்டிப் பார்த்துவிட்டுப் போகிறது என்று தோன்றும்.

துரை குடும்பம் போனபின் பள்ளிக்கூட ஹாஸ்டலில் சமைத்துக்கொண்டிருந்த நீங்கள், மத்தியான வேலை முடித்து வந்து, முன்னால் மணையைப் போட்டு உட்கார்ந்துவிடுவீர்கள்.

முதல் தட்டல் அப்படி ஒரு மத்தியானத்தில்தான். விரல் முட்டியால் கண்ணாடியைத் தட்டுவது போலத் தெளிவான சத்தம். டக், டக். கொஞ்சம் நிறுத்தி, டக். நான் வாசலுக்குப் போய்ப் பார்த்தேன். யாருமில்லை. திரும்பி வந்தபோது நீங்கள் மணையை விட்டு எழுந்து நின்றுகொண்டிருந்தீர்கள்.

"அவரு" என்றீர்கள்.

அன்றுதான் சொன்னீர்கள். புயலில்லை, மழையில்லை, கடல் தட்டு மாதிரி கிடந்த ஒரு நாளில் உங்கள் வீட்டுக்காரர் தனியாகப் போனாராம். வள்ளம் மட்டும் தானாகக் கரைக்கு வந்ததாம். வலை ஈரம் கூடக் காயவில்லை. உடம்பு கிடைக்கவேயில்லை. தினமும் கரை தட்டுகிறபோது துடுப்பால் வள்ளத்தின் பக்கத்தில் ரெண்டு தட்டு, நிறுத்தி ஒரு தட்டு தட்டுவாராம். நீங்கள் உலை வைக்க அதுதான் அடையாளம்.

அதற்குப் பிறகு தட்டல் ஓயவில்லை. சில நாள் ஒன்றுமிருக்காது. சில நாள் நீங்கள் மணையில் உட்கார்ந்ததுமே தட்டும். நீங்கள் மெதுவாக, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்பீர்கள். நான் அடுப்படிக்குள் முருகா முருகா என்று நிற்பேன்.

புரட்டாசியில் உங்கள் கொழுந்தனார் நேரில் வந்தார். எங்கள் கூடத்தில்தான் உட்கார்ந்தார், தொட்டிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. நல்ல மனுஷர், குரலே எழும்பவில்லை.

"மதினி, என் மகளுக்கு வரன் வந்து வந்து போகுது. அண்ணனுக்குச் செய்ய வேண்டியதச் செய்யாம அந்த வீட்டுல பந்தக்கால் நட மாட்டேன்னு எங்காத்தா உக்காந்துருச்சு. அவரு வேட்டி சட்டையை ஆளா வச்சுக் கொள்ளி வச்சிருவோம். நீங்க வந்து தாலியை எறக்குனாத்தான் அது நடக்கும். அண்ணன அனுப்பி வைங்க மதினி."

"போனவருக்கு வழியனுப்பலாம்யா. வராதவருக்கு எப்பிடி அனுப்புறது?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து தட்டியது. டக், டக். நிறுத்தி, டக். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, "ஐப்பசி அமாவாசைக்குக் காத்திருக்கோம்" என்று சொல்லிவிட்டு, காபியைக் கூடக் குடிக்காமல் இறங்கிப் போனார்.

ஒரு பெண்ணின் கல்யாணம் உங்கள் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அதுதான் நெஞ்சில் உறுத்தியது. புத்தகத்தை மறுபடி எடுத்தேன். பவளக் கல்லுக்குள் ஒளிந்து வரும் ஒரு சின்ன இறால் உண்டு, ஒரு கொடுக்கு மட்டும் உடம்புக்குப் பொருந்தாமல் பெருத்திருக்கும், அதைச் சொடுக்கினால் கண்ணாடியே விரிசல் விட்டதோ என்று நினைக்கும்படி சத்தம் வரும் என்று இருந்தது. படத்தையும் காட்டி உங்களிடம் நேராகச் சொன்னேன்.

நீங்கள் சிரித்தீர்கள். "ஏ புள்ள, கடக்கரையில பொறந்தவ நானு. எறாலு சொடுக்குற சத்தம் எனக்குத் தெரியாதாக்கும்? எறாலுதான் தட்டுது. யாரு சொல்லித் தட்டுதுன்னுதான் நான் கேக்கேன்."

நான் புத்தகத்தை மூடி அகராதிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

ஐப்பசி பிறந்ததும் மழை பிடித்துக்கொண்டது. மரம் விழுந்து கம்பி அறுந்து ஊரே இருட்டு. ஹீட்டரும் இல்லை, பம்பும் இல்லை. வெந்நீரைப் பாட்டில்களில் அடைத்துத் தொட்டிக்குள் மிதக்க விட்டோம். கம்பளியைச் சுற்றினோம். மாறி மாறிக் கரண்டியால் தண்ணீரைக் கலக்கினோம். நீங்கள் வேலைக்கே போகவில்லை. பூ முதலில் மூடியது, பிறகு கரைந்தது. அந்தக் கண்களுக்குரிய குட்டி நண்டு வெளியே வந்து சல்லிமேல் விழுந்தது. இத்தனை பேர் உள்ளே இருந்தார்களா என்று இருந்தது, ஒவ்வொன்றாக வெளியே வந்து செத்தபோது. கடைசியாக அந்த இறால். நகத்தளவு பெரிய கொடுக்கு, மற்றதெல்லாம் ஒன்றுமேயில்லை. அதை நீங்கள் வெற்றிலையில் எடுத்து வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள்.

கற்களை முற்றத்தில் அள்ளிப் போட்டுவிட்டு வந்தோம். தொட்டியில் தண்ணீரும் சல்லியும் மட்டும். உயிருள்ளது எதுவும் இல்லை. மழை நின்று பனி இறங்கியிருந்தது. நான் காபி கொண்டுவந்து ஒரு டம்ளரை உங்கள் கையில் கொடுத்தேன். நீங்கள் இன்னும் வாய் வைக்கவில்லை.

டக், டக்.

தண்ணீர் அசையக் கூட இல்லை. நிறுத்தி, டக்.

"நீயும் கேட்டியா?"

"கேட்டேங்க்கா."

குளிருக்குக் கண்ணாடி சுருங்கினால் சத்தம் வரும் என்று அன்று மாலை இவர் சொன்னார். இருக்கலாம். கண்ணாடி நிறுத்தி நிதானமாகச் சுருங்குமா என்று நான் கேட்கவில்லை.

நீங்களோ அப்போதே, டம்ளர் கையில் இருக்கும்போதே சொல்லிவிட்டீர்கள். அந்தப் பேச்சை ஒரு எழுத்து மாறாமல் வைத்திருக்கிறேன். "எறாலு உசுரோட இருக்கற வரைக்கும் அவரும் எங்கயோ உசுரோட இருக்காரு, சொல்லி விடுறாருன்னு நெனச்சேன் தங்கச்சி. எறாலு செத்த பெறகும் தட்டுறாருன்னா, அவரும் இப்பம் அந்தப் பக்கந்தான். உசுரோட இருக்கறவன் வீட்டுக்கு வந்தா கதவைத் தட்டுவான். கண்ணாடியவா தட்டுவான்?" டம்ளரைக் கீழே வைத்தீர்கள். "வெளிய விடச் சொல்லித்தான் தட்டிருக்காரு. நாந்தான் சாப்பிட்டீங்களான்னு கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்."

அமாவாசைக்கு முந்தின நாள் வெள்ளனே பூண்டு லாரி வந்தது. தொட்டித் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் கேன்களில் நிரப்பி ஏற்றினீர்கள். இதையாவது மரத்தடியில் ஊற்றாதே என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். "கொண்டாந்ததும் நானு, கொண்டு போறதும் நானா? ஏங்க்கா, கடலுக்கு இதுகூடவா கொறைஞ்சு போச்சு?"

"இது கொறைஞ்சுதான்யா கெடக்கு" என்றீர்கள். நீங்களும் ஏறி உட்கார, அவர் வண்டியைக் கிளப்பினார்.

தண்ணீரைக் கடலில் விட்டு, காரியத்தையும் முடித்துவிட்டு, சாமான் எடுக்க ஒருமுறை வந்தீர்கள். வெறும் கழுத்து, நெற்றியில் திருநீறு. அழுவீர்கள் என்று நான் பயந்திருக்க, பின்கட்டில் நின்று வயிறாரச் சாப்பிட்டீர்கள். தைக்குள் கல்யாணம் முடிந்தது, நீங்கள்தான் முன்னால் நிற்கக் கூடாதென்று பின்னால் நின்று எல்லாம் செய்தீர்களாம். அதன் பிறகு கடலைப் பார்த்த வீட்டிலேயே இருந்துவிட்டீர்கள். மலைக்கு வரவில்லை. தொட்டியை ஒரு கடைக்காரர் வாங்கிப்போய் பிஸ்கட் பாக்கெட் அடுக்கினார்.

அக்கா, எண்ணத் தெரிந்த மனுஷி நான். ஒரு வருஷத்துக் கணக்கும் எனக்கு இடித்ததில்லை. அந்த மத்தியானம் மட்டும் எந்தத் தலைப்பின் கீழும் அடங்கவில்லை. நாம் இரண்டு பேர் கேட்டோம். இப்போது நான் ஒருத்திதான் கேட்டவள்.

மகன் வாசலுக்குக் கரண்ட் மணி வைக்க வேண்டுமென்கிறான். பட்டனை அமுக்கினால் குருவி கத்துமாம். இப்போதைக்கு வேண்டாம்பா என்று தள்ளிப் போட்டிருக்கிறேன். வருகிறவர்கள் தட்டட்டும். மத்தியானத்தில் பனி இறங்கி யாராவது தட்டினால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நிற்கிறேன். மருமகள், "அத்தே, யாரோ வந்திருக்காங்க, திறக்கப் போகலையா?" என்கிறாள்.

போகிறேன் அக்கா. தட்டுவது கதவையா ஜன்னல் கண்ணாடியையா என்று ஒருமுறை காதில் வாங்கிக்கொண்டுதான் போகிறேன்.